நூறு பேர் வேண்டும், எட்டு நிமிடம் இருக்கிறது

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் நாடாளுமன்றத்தில் ஆள் இருக்காது. உறுப்பினர்கள் முந்தின நாள் மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் தொகுதிக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அங்கே உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் தட்டு தூக்கிய எனக்கு வெள்ளிக்கிழமை பாதி விடுமுறை மாதிரி. ஆனால் அந்த மார்ச் மாத வெள்ளிக்கிழமை இருக்கிறதே, கண்ணுகளா, அது அப்படி இல்லை.

வினிஃப்ரெட் டல்லி என்று ஓர் உறுப்பினர் அம்மாள் இருந்தாள். ஸ்கெல்பி துறைமுகத்துக்காரி. மீன் ஆலையில் பதினெட்டு வருடம் கத்தி பிடித்த கை. முந்தின நவம்பரில் அவள் தம்பி ஆல்ஃபின் படகு கவிழ்ந்து நான்கு பேர் போய்விட்டார்கள். படகில் உயிர் மிதவை இல்லை. சின்னப் படகுக்கு மிதவை கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. அதைக் கட்டாயமாக்கத்தான் வினிஃப்ரெட் ஒரு மசோதா கொண்டுவந்தாள். கட்சிக்காரர்கள் யாரும் பின்னால் நிற்காத தனி ஆள் மசோதா. வருடத்துக்கு ஒரு முறை குலுக்கலில் பெயர் வந்தால்தான் அந்த வாய்ப்பே. அவள் பெயர் வந்தது.

சிக்கல் எங்கே என்றால், தனி ஆள் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடக்கூட வேண்டாம். மணி இரண்டரை அடிக்கும்வரை ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் போதும், மசோதா செத்துவிடும். பேச்சை நிறுத்த ஒரே வழி, நூறு பேர் எழுந்துபோய் "போதும்" என்று ஓட்டுப் போடுவது. தொண்ணூற்றொன்பது பேர் போனால் போகாத கணக்குத்தான்.

அப்படிப் பேசுவதில் சர் பெரிகிரின் லாஸலை மிஞ்ச ஆள் கிடையாது. ஆல்டர்ஹோம் பள்ளியில் படித்தவர். அரசாங்கத்துக்கு ஆட்களை வார்த்தெடுக்கும் விடுதிப் பள்ளி அது. அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. என் முழங்கால் வலியைத் தவறாமல் விசாரிப்பவர். எதற்கெடுத்தாலும் சட்டம் போடக்கூடாது என்பது அவர் கொள்கை. அதைவிட, பேசியே ஒரு மசோதாவைக் கொல்வது அவருக்குக் கிரிக்கெட் மாதிரி.

அன்று காலை அவர் தன் பள்ளித் தோழர்களான ஐந்து உறுப்பினர்களுக்கு எங்கள் உணவுக்கூடத்தில் மேஜை பிடித்து வைத்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்டா. நல்லா சாப்பிடுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க சாப்பிட்டுக்கிட்டே இருங்க. அவ்வளவுதான்" என்றார்.

"இதுக்குத்தாண்டா அரசியலுக்கே வந்தேன்" என்றார் லயனல் ஃபேன். சாப்பாட்டைக் கண்டால் கொள்கையை மறக்கும் ஆள்.

அந்த மேஜையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹூகோ ஸ்டான்பிரிட்ஜ். மீன்வளத்துறை இணை அமைச்சர். அமைச்சர்கள் யாரும் இந்த ஓட்டில் தலைகாட்டக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. போன வாரம் வினிஃப்ரெட்டிடம் அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "உங்க பக்கம்தான் நியாயம் இருக்கு, மேடம். ஆனா நான் வந்தா என் பதவி போயிடும். தவிர, பெரியை எதிர்த்து எனக்குப் பழக்கமில்ல."

பெரி என்றால் லாஸல்தான். பள்ளியில் அவர் மூத்தவர், இவர் பொடியன். மூன்று வருடம் அவர் பூட்ஸைத் துடைத்து, ரொட்டி வாட்டிக் கொடுத்தவர். ஐம்பத்து மூன்று வயதிலும் லாஸல் அறைக்குள் வந்தால் இவர் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

லாஸல் பதினொன்றரைக்கு அவையில் பேச எழுந்தார். ஹெர்ரிங் மீனின் வரலாறு, டச்சுக்காரன் வலை, தன் மாமா ஒருமுறை கடலில் வாந்தி எடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார். எங்கள் உணவுக்கூடத்துச் சுவரில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் அந்தப் பேச்சு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு ஐந்துக்கு வினிஃப்ரெட் துள்ளி எழுந்து "பேச்சு போதும், ஓட்டுக்கு விடுங்க" என்று கேட்டாள். சபாநாயகர் ஒப்புக்கொண்டார். உடனே கட்டடம் முழுக்க மணி அலறியது. மணி அடித்து எட்டு நிமிடத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் "ஆம்" கூடத்துக்குள் நூறு பேர் இருக்க வேண்டும். பிறகு மறுவாயிலில் எண்ணுகிறவர்களைத் தாண்டி வெளியே போனால்தான் ஓட்டு.

ஆட்கள் ஓடினார்கள். நூலகத்திலிருந்து, மாடியிலிருந்து, ஒருவர் முடிதிருத்தும் அறையிலிருந்து பாதித் தலையோடு ஓடினார். "ஆம்" கூடத்து வாசலில் வினிஃப்ரெட்டின் தோழரான உறுப்பினர் பெர்ட் ஆக்லி தலைகளை எண்ணினார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர், குரல் இடி மாதிரி.

"வின்னி, உன்னையும் சேர்த்துத் தொண்ணூத்தஞ்சு. இன்னும் மூணு நிமிஷந்தான் இருக்கு."

"வேற யாரு இருக்கா?"

"யாருமில்லம்மா. சாப்பாட்டுக் கூடத்துல அந்த அஞ்சு துரைமார்தான்."

வினிஃப்ரெட் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் அப்போதுதான் ஜாம் ரோலும் கஸ்டர்டும் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு பேர் வேணுங்க" என்றாள் மூச்சிரைக்க. "சரியா அஞ்சு பேர். எதிர்த்துப் பேசணும்னா அப்புறம் பேசுங்க. இப்ப எழுந்து வாங்க."

"அம்மா, இப்பதான் ஜாம் ரோல் வந்திருக்கு" என்றார் லயனல்.

கிரெவில் சகோதரர்கள் இருவரும் களுக்கென்று சிரித்தார்கள். பேஸில் ட்ரெஞ்ச் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் வெளுத்திருந்தது. வினிஃப்ரெட் ஹூகோவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது.

ஹூகோ கைக்குட்டையை மடித்து வைத்தார். எழுந்தார். கதவு வரைக்கும் நடந்தார். திரும்பி நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தாழ்வாரமே அதிரக் கத்தினார்:

"பொடியா-ஆ-ஆ!"

கத்திவிட்டு ஒரே ஓட்டம்.

பிள்ளைகளே, நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். நான்கு கரண்டிகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. நாற்காலிகள் உருண்டன. ஐம்பது வயது மனிதர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் முன்னாள் தூதர், ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் பறந்தார்கள். லயனல் வாயில் ஜாம் ரோல் இருந்தது.

ஆல்டர்ஹோமில் அதுதான் வழக்கம். மூத்தவன் மாடிப்படி தலைப்பில் நின்று அப்படிக் கத்தினால் கீழ்வகுப்புப் பையன்கள் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும். கடைசியாக வருகிறவன் தலையில் வேலை விழும். அந்த மேஜையில் லாஸலுக்குப் பொடியன் ஹூகோ என்றால், மற்ற நான்கு பேருக்கும் ஹூகோதான் மூத்தவர். அவர்கள் புத்தி யோசிப்பதற்குள் கால்கள் யோசித்துவிட்டன.

ஹூகோ நேராக "ஆம்" கூடத்துக்குள் போனார். நான்கு பேரும் பின்னாலேயே புகுந்தார்கள். வினிஃப்ரெட் கடைசியாக நுழைய, "கதவைப் பூட்டுங்கள்!" என்று சபாநாயகர் குரல் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே, கையில் கஸ்டர்ட் கிண்ணத்தோடு நின்றேன். உள்ளே நடந்ததை பெர்ட் எனக்குப் பிறகு நடித்தே காட்டினார்.

"டேய் ஹூகோ," லயனல் மென்றுகொண்டே கேட்டாராம், "இது எந்தக் கூடம்டா?"

"ஆம் கூடம்."

"அடப்பாவி!"

"நீ விடுதித் தலைவனா இருந்த வருஷம் முழுக்க ஒரு தடவைகூட இப்படிக் கத்தினதில்லையே" என்றார் பெரிய கிரெவில். "அந்த வழக்கமே அசிங்கம்னு சொன்னவன் ஆச்சே நீ!"

"அசிங்கம்தான். இன்னிக்கும் அசிங்கம்தான். மன்னிச்சுக்குங்கடா." ஹூகோவுக்கு முகமெல்லாம் வியர்வை. "ஓடி வந்தாச்சுங்கிறதுக்காக யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்ல. அதோ கழிப்பறை இருக்கு. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா கணக்குல வர மாட்டீங்க. நான் தடுக்க மாட்டேன். நான் மட்டும் போறேன்."

சொல்லிவிட்டு எண்ணுகிறவர்களைத் தாண்டி வெளியே நடந்தார். பெர்ட்டின் கணக்கில், அவரையும் வினிஃப்ரெட்டையும் சேர்த்து, தொண்ணூற்றாறு.

லயனல் தலையைச் சொறிந்தார். "பதவி போகும்னு தெரிஞ்சே போறான் பாரு. இவனைத் தனியா விட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட ஜாம் ரோல் சாப்பிடறது?" தொண்ணூற்றேழு.

கிரெவில் சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மிதவைதானே. அணுகுண்டு இல்லையே." தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

பேஸில் ட்ரெஞ்சைக் காணோம்.

கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. பெர்ட் தன் சுரங்கக் கையால் தட்டினார். "ட்ரெஞ்ச் ஐயா! ஒளிஞ்சது போதும், வாங்க வெளிய!"

வாயிலில் எண்ணுகிறவர்கள் பொறுமை இழந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வினிஃப்ரெட் கதவருகே போய், கையில் பிடித்த காலணியோடு நின்றாள்.

"ஐயா, உங்களைத் திட்ட வரல. என் தம்பி ஆல்ஃப் ரெண்டு மணி நேரம் ஒரு மீன் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு மிதந்திருக்கான். தூரத்துல போன கப்பல்காரங்க பார்த்திருக்காங்க. கிட்ட வர்றதுக்குள்ள கை விட்டுடுச்சு. மிதவை இருந்தா இருந்திருப்பான். அவ்வளவுதாங்க இந்த மசோதா. ஹெர்ரிங் வரலாறு எதுவும் இதுல இல்ல."

உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"அம்மா... நான் ஒளியலம்மா. காலையிலேருந்தே வயிறு சரியில்ல. அதோட அந்த ஓட்டம் வேற. ஒரே ஒரு நிமிஷம் பொறுங்க. எண்ணுறவங்களைப் போக விட்டுடாதீங்க!"

பெர்ட் ஓடிப்போய் வாயிலில் குறுக்கே கையை விரித்து நின்றார். "ஒருத்தர் வந்துக்கிட்டிருக்கார்! அசைஞ்சீங்கன்னா தெரியும்!"

தண்ணீர் ஓடும் சத்தம். தாழ்ப்பாள் திறந்தது. பேஸில் ட்ரெஞ்ச் காகிதம் மாதிரி வெளுத்த முகத்தோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வாயிலைத் தாண்டினார்.

"நூறு!"

சத்தம் எனக்குக் கதவுக்கு வெளியே கேட்டது. கஸ்டர்ட் என் செருப்பில் கொட்டியது.

பேச்சு போதும் என்போர் நூறு, கூடாது என்போர் பதினொன்று. அடுத்த கால் மணியில் மசோதாவும் நிறைவேறியது. மேல்சபை பாக்கி இருந்தது, இருந்தாலும் அன்றைக்கு அது உயிரோடு வெளியே வந்தது.

லாஸல் தாழ்வாரத்தில் ஹூகோவை எதிர்கொண்டார். ஹூகோவின் முதுகு பழக்கப்படி நிமிர்ந்தது.

"என் மேஜையிலிருந்தே ஆளைக் கிளப்பிட்டுப் போயிருக்க" என்றார் லாஸல்.

"ஆமா, பெரி."

"நம்ம பள்ளிக்கூடத்துக் குரலை வச்சே."

"ஆமா. அதுக்கு மட்டும் வெட்கப்படறேன். ஓட்டுக்கு இல்ல."

"இனிமே எனக்கு உன்னோட பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு லாஸல் திரும்பி நடந்தார். ஹூகோவின் கண் அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போயிற்று. அப்புறம் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

வினிஃப்ரெட் அதற்குள் தாழ்வாரத்துத் தொலைபேசியில் ஸ்கெல்பிக்கு அழைத்திருந்தாள். ஆல்ஃபின் மனைவி நெல்லி எடுத்தாள்.

"நெல்லி? ஜெயிச்சாச்சுடி. நூறு பேர். சரியா நூறு."

"நூறேதானா? யாராவது ஒருத்தர் வராமப் போயிருந்தா?"

"அந்தக் கதையை நேர்ல சொல்றேன், சிரிப்ப. துறைமுகத்துல சொல்லிடு."

"இரு, போனை வைக்காத!" என்று கத்தினாள் நெல்லி. ஏதோ ஜன்னல் திறக்கும் சத்தம், ஓடும் காலடி, தூரத்தில் அவள் யாரையோ கூவிக் கூப்பிடுவது எல்லாம் கேட்டன.

வினிஃப்ரெட் தொலைபேசியை எங்கள் பக்கம் நீட்டினாள். பெர்ட், ஹூகோ, நான், இன்னும் வெளுத்திருந்த பேஸில் என்று எல்லோரும் அதில் காதை வைக்க ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம்.

"பதவியை விடறேன்னு நீங்க மேலிடத்துல போய்ச் சொல்லணும் இல்லையா, ஐயா?" என்றேன் ஹூகோவிடம் மெதுவாக.

"போகணும். கொஞ்சம் பொறுங்க."

ஒரு படகின் ஊதல் கேட்டது. நீளமாக, கரகரவென்று. அது அடங்குமுன் இன்னொன்று. பிறகு மூன்றாவது, நான்காவது, எண்ண முடியாதபடி எல்லாம் ஒன்றாக. அந்தச் சின்னக் கருவி கையில் அதிர்ந்தது. வினிஃப்ரெட் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் யாரும் நகரவில்லை.