இரண்டாம் நம்பர் எஞ்சின்

வேலந்தாவளத்தில் செல்வலட்சுமி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாட்டுச் சந்தை கூடியிருந்தது. பீர்மேட்டிலிருந்து குமுளி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறி வந்ததில் உடம்பு அடித்துப்போட்டது போல் இருந்தது. ஆனாலும் மடியில் வைத்த துணிப்பையை அவள் வழியில் ஓரிடத்திலும் கீழே வைக்கவில்லை. பைக்குள் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு முழ நீள ரயில் எஞ்சின் இருந்தது.

அதைச் செய்தவர் அவள் அப்பா சுடலைமணி, தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த எஸ்டேட் மேனேஜராக இருந்த பென்ரோஸ் துரைக்கு மாதிரி ரயில் என்றால் பைத்தியம். துரை படத்தைக் காட்டுவார், அப்பா லேத்தில் நின்று கடைவார். முதலில் செய்ததில் சக்கரம் ஒரு நூல் தள்ளிப் போய்விட்டது. துரை வேண்டாம் என்றார். அது தொழிலாளர் லயத்தில் அப்பாவின் வீட்டில், அரிசி டின் மேல் ஏறி உட்கார்ந்தது. அடுத்துச் செய்தது துரையோடு ஊரைவிட்டுப் போனது.

அதற்கப்புறம் அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. போன வருஷம் செல்வலட்சுமி வேலை பார்க்கும் ரிசார்ட்டில் ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். படுக்கை தட்டிப் போடப் போனவள், மேஜையில் திறந்து கிடந்த தடித்த புத்தகத்தில் தன் வீட்டு எஞ்சினின் ஜோடியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். மாதிரி ரயில் எஞ்சின் கட்டிய மேதைகளைப் பற்றிய தொகுதி அது. மொத்தமே முந்நூறு பிரதி, ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். படத்துக்குக் கீழே போட்டிருந்தது இவ்வளவுதான்: கட்டியவர் பென்ரோஸ். அடித்தகட்டில் ‘2’ என்ற எண் வெட்டப்பட்டுள்ளது. முதலாம் எஞ்சின் எங்கே என்று தெரியவில்லை. உள்ளூர் ஆட்களும் உதவினார்கள்.

உள்ளூர் ஆட்களாம்!

புத்தகம் போட்டவர்களுக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. குடும்பத்தார் சொல்வதை மட்டும் வைத்து மாற்ற முடியாது, எஞ்சினை இப்போது வைத்திருப்பவர் எழுதிக் கொடுத்தால் அடுத்த பதிப்பில் பெயர் சேர்ப்போம், இந்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வைத்திருப்பவரின் முகவரியைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடல் கடந்து போன எஞ்சின் ஏலத்தில் கைமாறிக் கைமாறி, வேலந்தாவளத்தில் தோப்பு வைத்திருக்கும் சிவப்பிரகாஷிடம் வந்து சேர்ந்திருந்தது.

“ஏட்டி, பேரு போட்டா என்ன, போடாட்டா என்ன? எஞ்சின் ஓடுச்சுல்லா” என்றார் அப்பா.

“உங்களுக்கு வேண்டாம்னா இருக்கட்டும். எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

சிவப்பிரகாஷின் வீட்டில் ஓர் அறை முழுக்க ரயில் புத்தகங்கள் இருந்தன. புத்தகம் சேகரிக்கிறவர்கள் ஒரு தனி ரகம். வாங்குவார்கள், படிப்பார்கள், ஆனால் படித்த அடையாளம் மட்டும் அதில் தெரிந்துவிடக் கூடாது. இவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் அந்தத் தொகுதியை எடுத்தார். நூற்று எண்பத்தேழாம் நம்பர் பிரதி. பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் துரையோடு போன எஞ்சின் மினுமினுத்தது.

“நீங்க போன்ல சொன்னதும் எனக்குத் தூக்கமே புடிக்கலீங்க. ஆறு வருசமா ஒண்ணாம் நம்பரைத் தேடிட்டு இருக்கறனுங்க” என்றார்.

அவள் வேட்டியைப் பிரித்தாள். அவர் எஞ்சினை அலுங்காமல் வாங்கிக் கவிழ்த்தார். அடித்தகட்டில் ஐம்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு கருப்பாக ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகம் விழுந்தது.

“இதுலயும் ரெண்டுன்னுதானுங்க இருக்குது.”

“அதனால என்ன அண்ணாச்சி?”

“ரெண்டாம் நம்பரு எங்கிட்ட இருக்குதுங்களே. அப்ப இது யாரோ பின்னாடி பாத்துச் செஞ்ச போலியுங்க. உங்களைத் தப்பாச் சொல்லலீங்க, உங்கப்பாவுக்கே தெரியாம இருக்கும். இருங்க, நான் எழுதி வெச்சிருக்கறதைக் காட்டறன்.”

அவர் உள்ளே போனார். போலியா? அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அரிசி டின் மேல் இருந்தது போலியா? எஞ்சினைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். உளியால் வெட்டிய சின்னச் சுழி, அதன் காலில் வலப்பக்கம் ஓடும் ஒரு கோடு. இந்தக் கோட்டை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கேயோ என்ன, தினமும் பார்க்கிறாள். மளிகைச் சீட்டில், மாத்திரைக் கவரில், காலண்டர் ஓரத்தில், அப்பா எதை எழுதினாலும் தலையில் அதுதான் இருக்கும். பித்தளைத் தகட்டை அறுக்கும் முன்னாலும் மனுஷன் அதைத்தான் வெட்டியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சிவப்பிரகாஷ் ஒரு நீள நோட்டோடு வந்தார். தன் புத்தகங்களையும் எஞ்சின்களையும் பற்றி அவர் கைப்பட எழுதிய விவரம். பின்னாலேயே அவர் மனைவி மௌனிகா மோர் கொண்டுவந்தாள்.

“பாருங்க, பென்ரோஸ், எண் ரெண்டு” என்று விரலை வைத்தார்.

செல்வலட்சுமி அந்த வரியைப் பார்க்கவில்லை. பக்கத்தின் உச்சியைத் தொட்டாள். “இது என்ன அண்ணாச்சி, இங்கயும் ஒரு ரெண்டு?”

“அது ரெண்டில்லீங்க, பிள்ளையார் சுழி.”

“அடுத்த பக்கத்துலயும் இருக்கு.”

“எல்லாப் பக்கத்துலயும் போடுவனுங்க. பழக்கம்.”

அவள் எஞ்சினை நோட்டின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். நோட்டில் உ. பித்தளையில் உ. சிவப்பிரகாஷ் குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் குனிந்தார்.

முதலில் வாய்விட்டுச் சிரித்தது மௌனிகாதான். “ஏனுங்க, ஆறு வருசமா இல்லாத ஒண்ணைத் தேடித்தான் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சீங்களா?”

“இங்கிலீசுல ரெண்டுன்னு போட்டிருந்துது. நானும் ரெண்டுன்னே பாத்துப்போட்டன்” என்று முனகினார் அவர். அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

“துரை ஊர்ல யாரு அண்ணாச்சி பிள்ளையார் சுழி போடுதா? செஞ்சவரு எங்கப்பா. பேரு சுடலைமணி. அதை எழுதிக் குடுங்க.”

அவர் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். “துரை எஞ்சின்னு சொல்லித்தானுங்க நாலு பேரைக் கூட்டி வந்து காட்டிட்டு இருக்கறன்.”

“இனிமே சுடலைமணி எஞ்சின்னு காட்டுங்க. எழுதாம நான் போகமாட்டேன். ராத்திரி ஆனாலும் சரிதான்.”

“எழுதிக் குடுங்க. அவங்கப்பா இருக்கறப்பவே எழுதுனாத்தானுங்க அழகு” என்றாள் மௌனிகா.

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டு எஞ்சின்களையும் நோட்டையும் சேர்த்துப் படம் எடுத்தார். பதிப்பகத்துக்கு நீளமாக ஒரு மெயில் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினார். வந்த வேலை முடிந்தது. ஆனால் செல்வலட்சுமி எழுந்திருக்கவில்லை.

“அவங்க அடுத்த பதிப்புல போடுவாங்க, இல்ல மழுப்புவாங்க. இந்தப் புஸ்தகம் உங்களுது. இதுல போடுங்க.”

“இதுலயா? நான் வெறுங்கையால தொட்டதே இல்லீங்க!”

“தப்பு இருக்க பக்கத்தை எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?”

சிவப்பிரகாஷ் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வெளியே சந்தைக்கு வந்த வண்டியிலிருந்து ஒரு கன்று விடாமல் கத்தியது. அவர் கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றி நோட்டின் மேல் போட்டார். பேனாவை எடுத்தார்.

வழவழப்பான தாளின் ஓரத்தில் பேனா பட்டதும், யோசிக்காமலே முதலில் ஒரு சுழி போட்டுக் கோடு இழுத்தார். பிறகு அதன் கீழே எழுதினார்: கட்டியவர், சுடலைமணி, ஃபிட்டர், பீர்மேடு.

செல்வலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் காட்ட அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தாள்.