நாலாம் நம்பர் கண்

ரூபினாவுக்குப் பிறவியிலேயே சந்தேகம் அதிகம். ஆட்டோக்காரர் சிரித்துப் பேசினால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைப்பாள். பேசாமல் ஓட்டினால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் படத்தைப் பார்த்து வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்கவும் கற்றுக்கொடுத்தால் வீடு என்ன ஆகும்?

கற்றுக்கொடுத்தது பவதாரிணி. புதூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் போட்டோகிராபி வகுப்பு. பெரிய கேமரா வேண்டாம், போன் போதும். ஆனால் வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு வாரம் ஒற்றை பல்பு, இன்னொரு வாரம் ஜன்னலும் ஒரு தெர்மகோல் அட்டையும். எடுத்த படத்தைப் பவதாரிணிக்கு மட்டும் அனுப்பவேண்டும். அவள் எடுத்தவர் பெயரை மறைத்து நம்பர் போட்டு டிவியில் காட்டுவாள். யார் எடுத்தது என்று தெரியாமலே மற்றவர்கள் குறை நிறை சொல்லவேண்டும். "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. அப்படிச் சொன்னால் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். பேசியதையெல்லாம் ரிக்கார்டு செய்து, நேரில் வராமல் படம் மட்டும் அனுப்புகிறவர்களுக்கும் அனுப்பிவிடுவாள்.

ரூபினா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். குறை சொல்வது அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவள் டீ வாங்கித் தந்ததே கிடையாது.

வீட்டில்தான் அவளுக்கு ஆற்றாமை. கணவன் முகமது ஆசிப் சிம்மக்கல்லில் பேப்பர் கப், பாக்குமட்டைத் தட்டு மொத்த வியாபாரம் செய்கிறவன். அவள் எந்தப் படத்தைக் காட்டினாலும், "நல்லாருக்கு ரூபி" என்பான். ஒருநாள் அவள் எரிந்து விழுந்தாள்.

"ஒங்களுக்கு வேற வார்த்தையே தெரியாதா மச்சான்? கண்ணத் தொறந்து பாத்துச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறப்பதில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் பவதாரிணி கொடுத்த வேலை, கண். ஒரு கண் மட்டும், புருவம்கூட வேண்டாம். எதிரில் இருக்கும் வெளிச்சம் கருவிழியில் தெரியவேண்டும். முதல் படமாக ஒரு பசுமாட்டின் கண் வந்தது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் தாமரைச்செல்வியைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பெயர் எதற்கு?

நாலாம் நம்பர் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. ஒரு பெண்ணின் கண், மெல்லிய சுருமா மைக் கோடு. மூக்குப் பக்கமாக வெண்விழியில் மச்சம் போல ஒரு புள்ளி. கருவிழிக்குள் ஒரு ஜன்னல், மூன்று கம்பிகள். நடுக்கம்பி வலப்பக்கமாக வளைந்திருந்தது.

ரூபினா நாற்காலியை டிவிக்குப் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

அது அவள் படுக்கையறை ஜன்னல். மாடிப்படி குறுகல் என்று பீரோவைத் தெருவிலிருந்து கயிறு கட்டி மேலே இழுத்தபோது இடித்து வளைந்த கம்பி. வீட்டில் அது இடப்பக்கம் வளைந்திருக்கும். கண் என்பது கண்ணாடி போல, இட வலம் மாற்றித்தான் காட்டும். இதுவும் இந்த வகுப்பில் படித்ததுதான். நேர் வெயிலும் இல்லை. எதிர் மாடியின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய மெத்தென்ற வெளிச்சம். அது பிற்பகல் அஸர் பாங்குக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் அறைக்குள் வரும். அந்த நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஆசிப்பின் கடை தெருமுனையில் இருக்கிறது.

ஜன்னலுக்குக் கீழே இருட்டாகக் குனிந்த ஒரு தலையும் தெரிந்தது. ஆண் தலை.

"ரூபினா, நீங்க சொல்லுங்க," என்றாள் பவதாரிணி.

"வெளிச்சத்தப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல," என்று எழுந்தாள் ரூபினா. "அந்தக் கண்ணப் பாருங்க. கள்ளக் கண்ணு. எடுக்குற ஆளயே அது நம்பல. இப்படி ஒருத்தியப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு மனுசன் எப்படித்தான் நிம்மதியா இருக்கானோ!"

பவதாரிணி என்னவோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் அடுத்த படத்துக்குப் போனாள். அதையும் ரூபினா கவனித்துக்கொண்டாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

படி இறங்கும்போது தாமரைச்செல்வி கையைப் பிடித்தாள். "என்ன டீச்சர், இம்புட்டுக் காரம்? எடுத்தவுக பாவமில்லையா?"

ஏன் இவள் பரிந்து பேசுகிறாள்? போன மாதம் ஊரில் காதுகுத்துக்குத் தட்டு வேண்டும் என்று ஆசிப்பின் கடைக்குப் போனவள்தானே? ரூபினா அவள் கண்ணுக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெண்விழியில் புள்ளி இல்லை.

"என்ன டீச்சர், தூசி கெடக்கா?"

"இல்ல," என்றாள் ரூபினா. தாமரைச்செல்வி தப்பித்தாள்.

அன்று சாயங்காலம் ஆசிப் மொட்டை மாடியில் இயர்போனை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் சட்டென்று பிடுங்கிப் பைக்குள் போட்டான். முகம் செத்துப் போயிருந்தது.

"யாரு போன்ல?"

"ஒண்ணுமில்ல. கடை விசயம்."

சரியாகச் சாப்பிடவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் தப்பை வட்டம் போட்டுக் காட்டுவது போல அவள் தன் மனதுக்குள் ஒவ்வொன்றாக வட்டமிட்டுக்கொண்டாள். நிக்காஹ் ஆன நாள் முதல் அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அதையும் இப்போது நல்லவிதமாக நினைக்க முடியவில்லை. உண்மை தெரிந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வாரத்தின் நடுவில் அரைநாள் லீவு போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் யாரும் இல்லை. பாங்கு முடிந்து எதிர்ச்சுவரில் வெயில் ஏறியதும் வேலையை ஆரம்பித்தாள். அந்தப் பெண் இந்த அறையில் எந்த இடத்தில் இருந்தாள்? அது தெரியவேண்டும். நிறுத்திப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் தன் கண்ணையே வைத்துக்கொண்டாள்.

போனை டைமரில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தாள். கண்ணுக்குள் ஜன்னல் சிறுத்துப் போனது. பீரோ பக்கம் நின்று எடுத்தால் கம்பிகள் சாய்ந்தன. கடைசியில் கட்டிலில் படுத்தாள். தன் தலையணையில் தலை வைத்து, போனைக் கையில் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தாள். ஜன்னல் சரியாக வந்து உட்கார்ந்தது.

என் தலையணையிலா! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பவதாரிணி எல்லாருக்கும் அனுப்பியிருந்த நாலாம் நம்பரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜன்னல் பொருந்தியது, கம்பி பொருந்தியது, சுவர் வெளிச்சமும் பொருந்தியது. பிறகு வெண்விழியைப் பார்த்தாள். மூக்குப் பக்கம் புள்ளி. இரண்டு படத்திலும்.

எழுந்து கண்ணாடி முன்னால் ஓடினாள். தினமும் பார்க்கிற புள்ளிதான். கண்ணாடியில் அது கருவிழிக்கு வலப்பக்கம் இருக்கும், படத்தில் இடப்பக்கம். ஊரார் கண்ணையெல்லாம் உற்றுப் பார்த்தவள், தன் கண்ணை மற்றவர்கள் பார்க்கிற விதமாக ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்போதுதான் வகுப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. மேலூரில் ஒரு வலிமா விருந்துக்காக லீவு. வந்த அசதியில் சுருமாவைக்கூடத் துடைக்காமல் படுத்துவிட்டாள். கண் விழித்தபோது ஆசிப் போனும் கையுமாகக் குனிந்திருந்தான். "யாருக்கு மெசேஜ் போடுறீங்க?" என்று கேட்டாள். தூக்கத்திலும் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆசிப் வாசலில் நின்று அவளையும் கட்டிலில் கிடந்த போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றான். "ஒங்க வகுப்பு மேடத்துக்கிட்ட நாந்தான் கெஞ்சிக் கேட்டுச் சேந்தேன். ஒங்கிட்டச் சொல்லவேணாம்னும் நாந்தான் சொன்னேன். நீ படம் காட்டுறப்ப நாலு வார்த்தை உருப்படியாச் சொல்லணும்ல? நல்லாருக்குன்னா ஒனக்குக் கோவம் வருது."

"நான் பேசினதக் கேட்டீங்களா?"

"கேட்டேன். மாடியில நின்னு திரும்பத் திரும்பக் கேட்டேன்."

ரூபினாவுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மச்சான், அது என் கண்ணுன்னே எனக்குத் தெரியல. வேற எவளோன்னு நெனச்சு..." சொல்லாததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கண்ணு எனக்குப் பழகினதுதான் ரூபி. அத விடு," என்றான் ஆசிப். "வெளிச்சத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே நீ? சுவத்துல வெயில் ஏறட்டும்னு கடையப் போட்டுட்டு ஒன் தலமாட்டுல எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன். அதாவது சரியா வந்திருக்கா?"

அவள் போனை எடுத்து மறுபடியும் பார்த்தாள். தூங்குகிறவளை எழுப்பாமல் அவன் காத்திருந்து பிடித்த வெளிச்சம். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

"நல்லாருக்கு மச்சான்," என்றாள்.