ஜெபிஷா வாய் திறக்காத சனிக்கிழமை

ஆல்டோவுக்கு ஏசி மெக்கானிக் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அரபு நாட்டின் அல் ஐன் நகரத்து மொட்டை மாடிகளில் வெந்து, அடுத்தவர் வீட்டைக் குளிர வைப்பது அவன் பிழைப்பு. அதனாலேயே டிசம்பர் பிறந்துவிட்டால் ஏசி என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. வீட்டு ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவான். காரில் அந்தப் பொத்தான் பக்கம் யாராவது விரலைக் கொண்டுபோனால், பூசை நடுவே போனை அலறவிட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

"குளிருக்கு ஏசி போடுகவன் கோட்டிக்காரன்" என்பது அவன் வேதவாக்கு.

வெளிக்காற்றை உள்ளே விடும் பொத்தான் கதையும் இதுதான். அனலும் மணலும் வரக் கூடாது என்று வண்டி வாங்கிய அன்றே அதை அடைத்துவிட்டான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு அப்படி ஒரு பொத்தான் இருப்பதையே மறந்துபோகிறார்கள். ஆக, குளிர்காலத்தில் அந்த வண்டிக்குள் போன மூச்சு வெளியே வர வழியே இல்லை. விடியற்காலையில் ஊரையே பனிமூட்டம் போர்த்தியிருக்கும்போது, வண்டிக்குள்ளே இன்னொரு பனிமூட்டம் தனியாகக் கிளம்பும். ஆல்டோ பழைய பனியன் துணியால் கண்ணாடியில் ஒரு ஆப்பம் அளவுக்குத் துடைத்துக்கொண்டு, அந்த ஆப்பத்தின் வழியாக உலகத்தைப் பார்த்து ஓட்டுவான்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஏசிக்காரன் வண்டி அதற்குச் சாட்சி.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. பின் சீட்டில் தினமும் வரும் பாலமுரளி மதுரைக்காரன், ஆல்டோவின் கம்பெனியிலேயே பைப் வேலை. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் ஆவி பிடிக்காது என்று அவன் எங்கோ பார்த்துச் சொன்னான். தேய்த்தார்கள். ஆவியும் பிடித்தது, ஈயும் வந்தது. சாக்ஸில் அரிசி கட்டித் தொங்கவிட்டார்கள். ஷேவிங் நுரை பூசினார்கள். சாம்பிராணிக் கரியைத் தட்டில் வைத்தார்கள். அது முதல் ரவுண்டானாவிலேயே உருண்டு ஜெபிஷாவின் வெள்ளை யூனிபார்மில் அடைக்கலம் ஆனது.

ஜெபிஷா ஆல்டோவின் மனைவி. ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஐந்தாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கியவள். வாங்கி என்ன? அது கைப்பைக்குள்ளேயே கிடந்தது. "வெயில் கொறயட்டும் பிள்ளே" என்றான் ஆல்டோ. வெயில் குறைந்தது. "பனி முடியட்டும்" என்றான். டூட்டி முடிந்த பிறகு, அவன் சைட்டிலிருந்து வந்து கூட்டிப்போகும்வரை கிளினிக் வாசலில் காவல்காரரோடு நின்றுகொண்டிருப்பாள். ஷிப்ட் முடிந்து போகும் மற்ற நர்ஸுகள் தினமும் டாட்டா காட்டிவிட்டுப் போவார்கள். அந்த டாட்டாவை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வேண்டியது நகையோ சேலையோ இல்லை, அந்த வண்டிச் சாவி.

ஒரு காலையில் ஆல்டோவுக்கு ஞானம் பிறந்தது.

"எனக்கு இப்பம் வெளங்கிட்டு. கண்ணாடி மூடுகதுக்குக் காரணம் ஒனக்க வாய்தான். ஏறினதுலேர்ந்து எறங்குக வரைக்கும் பேச்சு. அம்புட்டு ஆவியும் எங்க போகும்?"

பாலமுரளி பின்னால் விழுந்து விழுந்து சிரித்தான். ஜெபிஷா சிரிக்கவில்லை. அவள் பேசியதெல்லாம் என்ன? "சிக்னல் சிவப்பு, பொறுங்க", "ரெண்டாவது எக்ஸிட்ல திரும்புங்க", "முன்னால லாரி நிக்குது". ஆப்பத்தின் வழியே பார்க்கும் மனிதனுக்குக் கண்ணாக வந்தவளுக்குக் கிடைத்த பட்டம் இது. ரொம்பக் கோபம் வந்தது. ஆனால் குரல் தேனாகத்தான் வந்தது.

"அப்பம் ஒரு நாள் நான் வாயே தொறக்கல. அப்பவும் கண்ணாடி மூடினா?"

"மூடினா சாவி ஒனக்கு. மூடலேன்னா அடுத்த குளிர் வரைக்கும் சாவிப் பேச்சே எடுக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம். பாலமுரளி, நீதான் நடுவர். என்னைக்கு வச்சுக்கலாம்? சனிக்கிழமை?"

"சனிக்கிழமைன்னா சனிக்கிழமை" என்றான் ஆல்டோ. அவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். பாலமுரளிக்கு அப்படி இல்லை. சனிக்கிழமையானால் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகாமல் அவன் ரூமை விட்டு இறங்கமாட்டான். அல் ஐன் குளிரிலும் அந்த வழக்கத்தை விட்டதில்லை. ஜெபிஷா அதை நன்றாக அறிவாள்.

சனிக்கிழமை விடிந்தது. பாலமுரளி தலையில் ஈரம் சொட்ட, தோளில் ஈரத் துண்டோடு ஏறினான். ஜெபிஷா அவன் மடியில் அவனுக்கும் ஆல்டோவுக்குமான டிபனை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லி, கொதிக்கக் கொதிக்க சாம்பார். மூடியை இறுக்க மறந்துபோனாள், பாவம். பிறகு முன் சீட்டில் ஏறி, இரண்டு உதட்டையும் தைத்ததுபோல் உட்கார்ந்தாள்.

"பாத்தியா, எப்பிடி தெளிவா இருக்கு!" என்று கிளம்பினான் ஆல்டோ.

அந்தத் தெளிவு தெரு முனைவரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி பால் ஊற்றியதுபோல் ஆனது. ஆல்டோ துடைத்தான். துடைத்த இடம் அவன் கண்ணெதிரிலேயே மூடியது.

"ஜன்னல இறக்குலே பாலமுரளி."

"தல ஈரமா இருக்குண்ணே, சளி பிடிச்சுக்கிரும்ணே" என்று சொல்லி, அத்தாட்சிக்கு இரண்டு தும்மல் போட்டான் பாலமுரளி. முன் ஜன்னலையும் இறக்கவிடவில்லை.

ஆல்டோவுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. ஜெபிஷா பேசாத இடத்தையெல்லாம் அவனே பேசி நிரப்பினான். மனிதனுக்கு மௌனம் எவ்வளவு நல்லது என்று பேசினான். பொம்பளைகள் பேசாமல் இருந்தால் நாடு எப்படி முன்னேறும் என்று பேசினான். பேசப் பேச அவன் முன்னால் இருந்த ஆப்பம் இட்லியாகி, இட்லி பணியாரமாகிக் காணாமல் போனது. ரவுண்டானா வந்தது. வழக்கமாக இங்கேதான் "ரெண்டாவது எக்ஸிட்" என்று ஒரு குரல் வரும்.

"எத்தனாவது பிள்ளே?"

ஜெபிஷா தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு விளக்கும் மினுங்க வண்டி அந்த ரவுண்டானாவை நத்தை வேகத்தில் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. மூன்றாவது சுற்றில் ஆல்டோ கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டு ஒரு பாதையில் இறங்கினான். அது நீண்டுகொண்டே போனது. கிளினிக் வரவில்லை, பெட்ரோல் பங்க் வரவில்லை. கடைசியில் ஒரு வாடை வந்தது. ஆல்டோ ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து தலையை நீட்டினான். ஒரு ஒட்டகம் அவனைக் குனிந்து பார்த்தது. ஊருக்குத் தெற்கே இருக்கும் ஒட்டகச் சந்தைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அதே நேரத்தில் போர்மேன் போன் அடித்தார். ஆல்டோ அதை எடுக்கவில்லை.

"சொல்லுலே நடுவரே" என்றான் சுருதி இறங்கி.

"கலாஸ்ண்ணே, முடிஞ்சு போச்சு. அக்கா மூச்சே விடல. நீங்கதாண்ணே வீட்டுல இருந்து ஒட்டகம் வரைக்கும் பேசிக்கிட்டே வந்தீங்க."

ஆல்டோ சாவியை நீட்டினான். வாக்குத் தவறுகிறவன் இல்லை. அந்த மட்டுக்கும் நல்லவன்தான். நீட்டும்போது முகம் தொங்கியிருந்தது.

"ஒனக்கும் டூட்டி போச்சே பிள்ளே. கிளினிக் மேடம் ஏசமாட்டாவளா?"

ஜெபிஷா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கு மத்தியானம்தான் டூட்டி. கூட வேல பாக்குக ருமைஸா கிட்ட நேத்தே ஷிப்ட்ட மாத்திட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கிச் சுற்றி வந்து, ஆல்டோவைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள். பெல்ட்டைப் போட்டாள். பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தாள். அவசரமே இல்லை. இத்தனை மாதம் காத்திருந்தவள், கொஞ்சம் ருசித்துத்தான் செய்தாள். பிறகு வெளிக்காற்றுப் பொத்தானைத் திறந்துவிட்டாள். ஏசியை அழுத்தினாள். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

"ஏய், அது குளிருக்கு..." என்று ஆல்டோ ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டான். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு கோடு தெளிந்தது. கோடு மேலே ஏறியது. ஒட்டகத்தின் கால் தெரிந்தது, வயிறு தெரிந்தது, கழுத்து தெரிந்தது, கடைசியில் அசைபோடும் வாய் தெரிந்தது. ஏசிக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஈரத்தை ஏசி எப்படி உறிஞ்சும் என்று அவன் எத்தனையோ வீட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறான். வெட்கத்தில் காது மடல் சிவந்தது.

"ஒனக்கு இது எப்பம் தெரியும்?"

"டிரைவிங் ஸ்கூல்ல மொத கிளாஸ்லயே சொல்லித் தந்தாவ."

"பின்ன எனக்க கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? நான் டிசம்பர்லேர்ந்து கெழங்கும் கையுமா அலைஞ்சேனே!"

ஜெபிஷா சிக்னல் போட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா கண்ணாடி தெளிஞ்சிருக்கும். சாவி உங்க பாக்கெட்டுலயே இருந்திருக்கும்" என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.