படிகாரம் போட்ட தண்ணீர்

சைதுன் ஏணியின் கடைசிப் படியை விட்டு நீச்சல் குளத்தின் தரையில் காலை ஊன்றியதும், கண்ணாடி போலிருந்த தண்ணீர் கேழ்வரகுக் கூழாக மாறியது. முதலில் அவர் பாதத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். அவர் பயந்துபோய் அடுத்த காலை உதற, இடுப்பு மட்டும் சேறு கிளம்பிவிட்டது. கரையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டுவதை நிறுத்தினார்கள். சைதுன் குனிந்து தன் வெள்ளை சல்வாரைப் பார்த்தார், பிறகு எல்லோரையும் பார்த்தார். இந்த அழுக்கு தன் உடம்பிலிருந்து வந்ததாக யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. மருமகள் அஞ்சும் தட்டிய கைகளைக் கீழே இறக்கினாள். இப்படி ஆகும் என்று அந்தக் குடும்பத்தில் முன்கூட்டியே தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முந்தின நாள் சாயங்காலமே இவர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்த இந்தப் பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்சா போன் செய்திருந்தாள். காற்றிலும் மழையிலும் குளம் மண்ணாகிக் கிடக்கிறது, படிகாரம் போட்டிருக்கிறோம், விடிவதற்குள் அழுக்கெல்லாம் அடியில் படிந்துவிடும், அதை வேக்குவம் போட்டு உறிஞ்சி எடுக்கிறவரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, கொஞ்சம் தாமதமாக வாருங்கள் என்றாள். அஞ்சும் சரி சரி என்று வைத்துவிட்டாள். குளம் அழுக்கு என்று வீட்டில் சொன்னால் போதும், மாமியார் போட்ட பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான்தான் அப்போதே சொன்னேனே என்று உட்கார்ந்துவிடுவார். முழங்கால் வலிக்குத் தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் மட்டும், மதிலுக்குள் ஒரு ஆண் காக்கைகூடக் கிடையாது என்று பேசிப் பேசி அவரைக் கரைத்திருந்தாள் அஞ்சும். காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடையும் வீடுமாகவே காலம் தள்ளிய மனுஷி, தென்னேரிப் பக்கம் வந்து தண்ணீரில் இறங்கப்போகிறேன் என்று தங்கைக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அதைக் கெடுக்க அஞ்சுமுக்கு வாய் வரவில்லை.

குளத்து வேலையெல்லாம் அம்சாவின் புருஷன் சத்யராஜ் செய்வது. இவர்கள் வந்த வேன் அதிகாலையிலேயே வந்து நின்றதில், ஆண்கள் இருக்கக் கூடாது என்ற பேச்சுப்படி அவன் கையில் எடுத்ததைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே போனான். காலை நாஷ்டா முடிவதற்குள் அம்சாவே வேலையை முடித்துவிடுவாள் என்று அஞ்சும் மனக்கணக்குப் போட்டாள். சைதுன் நாஷ்டாவுக்குக் காத்திருக்கவில்லை. அவர் ஏணியைப் பிடித்தபோது அஞ்சும் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நினைத்து அவளும் சேர்ந்து கைதட்டினாள்.

கரையேற்றி நாற்காலியில் உட்கார வைத்ததும் சைதுனின் கூச்சம் கோபமாகத் திரும்பியது. நீளமான குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த அம்சாவைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தார்.

“காசு வாங்கிக்கினு சேத்துலயாமா இறக்குவீங்க? உங்க ஓனருக்கு போன் போட்டு, முதல்ல ஆளை மாத்தச் சொல்றேன்.”

அம்சா அஞ்சுமைப் பார்த்தாள். அஞ்சும் தன் செருப்பைப் பார்த்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவள் பழி விழுகிற இடத்துக்கு மிக அருகில், வாயில் கொழுக்கட்டையோடு நின்றாள்.

கிளம்பிய மண் மறுபடி படியட்டும் என்று பெண்களும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். வெயில் ஏறியது. அம்சா மோட்டார் கொட்டகைக்குள் போனபோது அஞ்சும் பின்னாலேயே போனாள். மணல் நிரப்பிய பெரிய ஃபில்டர் பானையின் தலையில் ஒரு கைப்பிடி இருந்தது. வெளியிலிருந்து சத்யராஜ் போனில் சொல்லச் சொல்ல, அம்சா மோட்டாரை நிறுத்திவிட்டு, கைப்பிடியை அழுத்தி ‘வேஸ்ட்’ என்ற எழுத்துக்குத் திருப்பினாள். ஃபில்டர் வழியாக விட்டால் இந்தப் பொடி மண் மணலுக்குள் நிற்காமல் மறுபடி குளத்துக்கே வந்துவிடுமாம், அதனால் நேராக வெளியே தள்ள வேண்டுமாம். போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

“நேத்து நான் போன்ல சொன்னது உங்களுக்கு சரியா கேக்கலையாக்கா?”

அது குற்றச்சாட்டு இல்லை. தப்பித்துக்கொள்ள ஒரு வழி. ஆமாம், சிக்னல் சரியில்லை என்று சொன்னால் இருவருக்கும் போதும். இவ்வளவு மரியாதையோடு ஒருத்தி வழிவிட்டதில் அஞ்சுமுக்கு உடம்பு கூசியது.

“கேட்டுச்சு அம்சா.”

“நீங்க சொல்லிடுவீங்கனு பாத்துக்கினே இருந்தேங்கா.”

“சொல்றேன்மா. அம்மி கோவம் கொஞ்சம் அடங்கட்டும்,” என்றாள் அஞ்சும். மாமியாரை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

“அவங்க போன் பண்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. நாங்க இருக்குற ரூமு இந்த வேலையோட சேந்தது,” என்றாள் அம்சா.

பிறகு அவள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குளத்தின் விளிம்பில் நின்றாள். குழாயில் காற்று இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, நீண்ட கழியின் முனையிலிருந்த தட்டையான தலையை அடியில் இறக்கினாள். கோலம் போடுகிறவளின் நிதானத்தோடு தள்ளினாள். வேகமாகத் தள்ளினால் மண் எழுந்துவிடும். அந்தத் தலை போன இடத்தில் நீல ஓடு ஒரு முழம் அகலத்துக்கு வெளியே வந்தது, மதிலுக்கு அப்பால் சேற்றுத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பாதிக் குளம் முடிந்திருந்தபோது சைதுன் வேறு சல்வாரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகளைக் கூப்பிட்டு போனை நீட்டினார். கண்ணாடி உள்ளே இருக்கிறது, அந்த ஓனர் நம்பரைப் போட்டுக் கொடு என்றார்.

அஞ்சும் போனை வாங்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். நேற்றே அம்சா சொன்னதையும், தான் மறைத்ததையும், ஏணிக்குப் பக்கத்தில் நின்றும் தடுக்காததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லாவற்றையும் உருதுவில் சொன்னாள். வீட்டில் பேசுகிற மொழி அதுதான், வாய் தானாக அதில் திறந்துகொண்டது. ஆனால் உருது தெரியாத அம்சா பத்தடி தூரத்தில் நிற்கும்போது அப்படிச் சொன்னது வெறும் பழக்கம்தானா என்று, சொல்லி முடித்த கணமே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

சைதுன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, உதடு அசையாமல், “உஸ்கெ சாம்னெ நக்கோ போல்,” என்றார். அவள் முன்னால் சொல்லாதே.

பிறகு குரலைத் தமிழுக்கு மாற்றி, போன் ஒன்றும் பண்ணவில்லை, முடித்துவிட்டுச் சாப்பிடு என்று அம்சாவிடம் சொன்னார். அம்சாவின் முகத்தில் உயிர் வந்தது. கழியைப் பிடித்தபடியே லேசாகக் குனிந்தாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. தப்பு எங்க மேலதான்.”

அஞ்சும் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் குளத்தைப் பார்த்தார்.

“சரி விடுமா. இனிமே பாத்து செய்யுங்க.”

மன்னிக்கிறவர்களுக்கு உரிய குரலில்தான் அதைச் சொன்னார். அம்சாவும் மன்னிக்கப்பட்டவளாகத் தலையாட்டினாள். நடுவில் நின்ற அஞ்சுமுக்கு, முழுப் பூசணிக்காயை இப்போது மூன்று பேராகச் சேர்ந்து சோற்றில் மறைத்ததுபோல் இருந்தது, அதில் ஒருத்திக்கு அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சைதுன் உள்ளே பார்த்து, பிரியாணி டேக்சாவின் மூடியைத் திறக்கச் சொன்னார். முதல் தட்டு அம்சாவுக்கு, நல்ல கறித் துண்டாகப் பார்த்து வை, நீயே கொண்டு போய்க் கொடு என்று மருமகளிடம் சொன்னார்.

அஞ்சும் தட்டோடு வந்து அம்சாவின் பின்னால் நின்றாள். தன்னை எப்போதும் அக்கா என்று அழைக்கிறவளை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தப்பு என்னுது என்று தமிழில் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அதற்குப் பதிலாக, சாப்பாடு கொண்டாந்திருக்கேன் என்றாள்.

“வெச்சிடுங்கக்கா, தோ வரேன்,” என்றாள் அம்சா, அடியில் ஊர்ந்துகொண்டிருந்த கழி முனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரை முழுக்க ஈரமாக இருந்தது. பிரியாணித் தட்டை வைக்கக் காய்ந்த இடம் எதுவும் இல்லை. அஞ்சும் இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு, அம்சா கழியைத் தன் பக்கம் இழுக்கும்போதெல்லாம் ஓரடி பின்னால் நகர்ந்து, அப்படியே நின்றாள்.