மறுபக்கத்து விளம்பரம்

குவாக்கோ அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை மார்போடு இழுத்தான். பலகை இறங்கி ஈரத்தாளை எழுத்துகளின்மேல் அழுத்தி எழுந்தது. எதிரே கூலிக்கு வேலை செய்யும் சைலஸ் மைப்பந்துகளால் அடுத்த தாளுக்காக எழுத்துகளைத் தட்டினான். தோல் இளகட்டும் என்று மூத்திரத்தில் ஊறப்போட்ட பந்துகள். பாஸ்டனின் ஜூலை வெயிலில் அறையே நாறியது. வழக்கமாகப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தைத்தான் முதலில் அடிப்பார்கள். இன்று வாசலில் கூட்டம் காத்திருந்ததால் சுதந்திரப் பிரகடனம் முந்திக்கொண்டது. முதல் தாளைப் பிடுங்கிக்கொண்டு எஜமான் பென்ஃபீல்ட் வெளியே ஓடியிருந்தார், உரக்க வாசிக்க.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தாளுக்கெல்லாம் இங்கிலாந்து ராஜாவின் முத்திரை வரி வந்தபோது, பென்ஃபீல்ட் முத்திரையில்லாத தாளிலேயே பத்திரிகை அடித்தார். சோதனைக்கு ஆள் வருவதாகச் சேதி வர, அவருடைய அடிமை குவாக்கோதான் இயந்திரத்தைக் கழற்றி மீன் பீப்பாய்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தான். "ராஜா நம்ம தலையிலேருந்து இறங்குற அன்னைக்கு, உன் விடுதலைச் சீட்டை என் கையாலயே எழுதித் தரேன்" என்றார் பென்ஃபீல்ட். அப்புறம் தேயிலை வரி வந்தது, பட்டாளம் வந்தது, சண்டையும் வந்தது. ஒவ்வொன்றிலும் குவாக்கோ அந்தச் சீட்டு நெருங்கி வருவதைத்தான் பார்த்தான். துணி வெளுக்கும் தன் மனைவி வயலட்டிடம் துறைமுகப் பக்கம் அறை பார்க்கவும் சொல்லிவிட்டான்.

"நாளைலேருந்து எனக்கும் கூலி உண்டுய்யா" என்றான் சைலஸிடம். "உன்னைவிட ஒரு பிடி கூடத்தான் கேப்பேன்."

சைலஸ் முகத்தில் ஈயாடவில்லை. "கையைப் பார்த்து இழு."

"பொறாமையா?"

"வேலையைப் பாருப்பா."

குவாக்கோவுக்குப் படிப்பு வராது என்பது ஊரறிந்தது. அச்சடித்த தாளைக் கொடுத்தால் திணறுவான். ஆனால் அவன் எழுத்தைக் கற்றது ஈயத்தில், அச்சுக்குக் கோத்த எழுத்துகளில். கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாகக் கிடந்தால் சரளமாக வாசிப்பான். அது யாருக்கும் தெரியாது. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்ற வரியைக் காலையில் ஈயத்தில் மூன்று தடவை வாசித்து, வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டான்.

மத்தியானம் மறுபக்கத்தை ஏற்றினார்கள். சைலஸ் மை தட்டியதும் எழுத்துகள் பளபளத்தன.

'விற்பனைக்கு: திடகாத்திரமான நீக்ரோ ஆள். வயது நாற்பது. அச்சு வேலை தெரிந்தவன். எந்தக் குறையும் இல்லை. விவரம் இந்த அச்சகத்தில்.'

குவாக்கோ அதை ஈயத்திலேயே வாசித்துவிட்டான். இந்த அச்சகத்தில் வேறு நீக்ரோ கிடையாது. கைப்பிடியைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது.

"நீதான் எழுத்துக் கோத்தியா?"

"எதை?"

"வயசைக் கொறைச்சுப் போட்டிருக்க. எனக்கு நாப்பத்தாறு."

சைலஸின் கையிலிருந்து மைப்பந்து விழுந்தது. "அவர் சொன்னாரு, கோத்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குப்பா."

வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போய் உள்ளே வந்தார் பென்ஃபீல்ட். "ஏன் நின்னுட்டீங்க? ஊரே காத்துக்கிட்டிருக்கு."

"வயசு தப்பா இருக்கு, எஜமான்" என்றான் குவாக்கோ. குரல் பிசிறவில்லை. "அது கிடக்கட்டும். ராஜா இறங்கிட்டான். நீங்க சொன்ன சீட்டை எழுதிக் குடுங்க, அப்புறம் இழுக்கிறேன். இந்தப் பிடியை இழுக்க இங்க வேற ஆள் இல்ல."

பென்ஃபீல்ட் ஈயத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் ஈயத்தைப் பார்த்தார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சைலஸ் பக்கம் திரும்பினார். "வாசிக்கத் தெரிந்தவன்னு ஒரு வரி சேரு. நல்ல விலை போவான்."

வெளியே சுதந்திரம், சுதந்திரம் என்று ஊரே கூவியது. சைலஸ் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துச் சேர்த்தான். குவாக்கோ கைப்பிடியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. எழுத்துகள் விழ விழ, வலமிருந்து வாசித்துக்கொண்டு நின்றான்.