பனிவாடி

அல்போன்சம்மா வாக்கும் கிளீனரின் குழாயைப் பனிக்குள் விட்டபோது ஜொய்சி பேஸ்மென்ற் படிக்கட்டின் நடுவில் நின்றாள். காதில் தொலைபேசி. அதற்குள் பிணம் புதைக்கும் ஏதோ ஒரு சேமக்காலை அலுவலகத்தின் பியானோ இருபது நிமிடமாக ஒரே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது. கீழே, இறந்துபோன கணவனின் அண்ணி சுவெற்றர் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, பெரிய மேசையில் கிடந்த பஞ்சுப் பனியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு செம்மறியாடு குழாய் வாயில் அகப்பட்டுக் கடகடவென்று அடித்தது.

“அக்கா! நிப்பாட்டுங்கோ அதை!”

அல்போன்சம்மா காலால் சுவிட்சை அமத்தினாள். “என்ன பிள்ளை? ரொறொன்ரோச் சனம் பின்னேரம் வந்திறங்குது. பத்துப் பேர். எங்க படுக்கிறது? மாசி வந்தும் பாலன் குடில் கழட்டாத வீட்டை நான் இஞ்சதான் பாக்கிறன்.”

“இந்த மாசி மட்டுமில்லை அக்கா. பதினொரு வருசமாக் கழட்டேல்ல.”

சொல்லி முடித்தபிறகு ஜொய்சிக்கே வியப்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வரை அந்த மேசைக்கு எதிராக இந்த வீட்டில் வழக்காடியவள் அவள் ஒருத்திதான். இன்று வெள்ளிக்கிழமை. கணவன் றெக்ஸ் போய் மூன்று நாள். எதிராளி இல்லாமல் போனதும் அவள் கட்சி மாறி நின்றாள்.

பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டை வாங்கிய முதல் மாரியில் தொடங்கிய வினை அது. மன்னாரில் பிறந்த கத்தோலிக்கன் யேசு பிறக்கும் நத்தாருக்குக் குடில் கட்டாமல் இருப்பானா? றெக்ஸும் கட்டினான். கடையில் பை மண் வாங்கிவந்து மேசையில் பரப்பி, பயறு தூவி முளைக்க வைத்துப் புல்வெளி செய்தான். பாதி மண் கார்பெற்றில் கொட்டுண்டது. ஜொய்சி அன்று முழுக்கக் கத்தினாள். புல்லுக்குமேல் பஞ்சுப் பனி, பனிக்குமேல் ஆட்டிடையர். மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து கழற்றப் போனால், பதினொரு வயது மகள் ஷெரோன் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. வெளியில் இவ்வளவு பனி கிடக்க இந்தச் சனத்தை எங்கே அனுப்புவது என்று அழுதாள். பனி கரையட்டும் என்றான் றெக்ஸ்.

கரையவில்லை. அடுத்த மாரியில் அதன்மேல் இன்னொரு படை பஞ்சு போட்டான். வீடுகள் மூடுண்டுபோயின. உடனே வீடுகளுக்கு மேல்மாடி கட்டினான். புகைபோக்கிகளைக் குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ரோ வைத்து உயர்த்தினான். ரொய்லற் பேப்பர் உருளைகளால் சுரங்கப் பாதை போட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பாலன் குடில் கட்டப்போய் ஓர் ஊரே உண்டாகிவிட்டது. தகப்பனும் மகளும் அதற்குப் பனிவாடி என்று பேர் வைத்தார்கள். அங்கே பனி ஒருநாளும் கரையாது, வருடா வருடம் கூடும். சனமும் விட்டுக்கொடுக்காது, மேலே மேலே கிண்டிக்கொண்டு போகும். சூசையப்பர் பனி அள்ளுகிறவர்களுக்குத் தலைவர். இராசாக்களில் ஒருவர் பேக்கரி போட்டிருந்தார். பாலன் மட்டும் அடித்தட்டிலேயே கிடந்தார். “கீழதான் சூடு. பிள்ளை அங்க கிடக்கட்டும்” என்பான் றெக்ஸ்.

ஷெரோன் வளர்ந்தாள், யூனிவர்சிற்றிக்குப் போனாள், பனிவாடியை மறந்தாள். றெக்ஸ் மறக்கவில்லை. இப்போது பதினொரு படை. ஒரு பக்கத்தில் அவன் பொருத்தியிருந்த கண்ணாடித் தகட்டால் பார்த்தால் வெட்டிய கேக் போல அடுக்கடுக்காகத் தெரியும்.

இவ்வளவுக்கும் அவன் தொழிலே பனி அள்ளுவது. ஐந்து மாதம் தெருத்தெருவாக வண்டி ஓட்டிப் பனி தள்ளுவான். “வெளியில அள்ளுறியள், உள்ளுக்குக் கொட்டுறியள். உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?” என்று அவள் கேட்காத மாரி இல்லை. செவ்வாய் மத்தியானம் அவன் சப்பாத்துக் கட்டும்போதும் கேட்டாள். “இந்த வருசத்தோட அந்தக் குப்பையைத் தூக்கி எறியிறன், பாருங்கோ.” அவன் “பேந்து பாப்பம்” என்று பிறகுக்குத் தள்ளிவிட்டுப் போனான். பின்னேரம் வண்டித் தரிப்பிடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் நெஞ்சு நின்றிருந்தது. பேந்து பாப்பம் என்றவனைப் பேந்து அவள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பியானோ நின்றது. ஒரு பெண் குரல் மரியாதையாகப் பிரெஞ்சில் பேசியது. ஜொய்சி இரண்டு நாளில் நாலாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைக் கேட்டாள். நிலம் உறைந்திருக்கிறது மடாம். கிண்ட முடியாது. பெட்டியைக் குளிர்க் கட்டடத்துக்குள் வைத்திருந்து மே மாதத்தில் அடக்கம் செய்வோம். எல்லோருக்கும் அப்படித்தான்.

“மெர்சி” என்றாள். அந்த நன்றிச் சொல்லை எறியத்தான் மனம் வந்தது.

நாலு வருடத்துக்கு முன் றெக்ஸோடு வேலைசெய்த டினோஜனின் தகப்பன் இறந்ததும் ஒரு மாசியில்தான். பெட்டியைக் குளிர்க் கட்டடத்தின் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். காருக்குள் வந்து ஏறிய றெக்ஸ் சாவியைத் திருப்பாமல் இருந்தான். “ஒரு பிடி மண் போடேல்ல, ஜொய்சி. மனிசனை ஃபிரிஜ்ஜில வச்சமாதிரி வச்சிட்டாங்கள். என்னை அப்பிடி விட்டிடாதை. எரிக்கவும் வேண்டாம். மண் போட்டு அனுப்பு.” அவள் அன்று, “மாரியில சாகாமல் இருங்கோவன்” என்று பகிடி விட்டிருந்தாள்.

மேலே குசினி மேசையில் றெக்ஸின் அண்ணன் அருமைநாதன் லவாலிலிருந்து கொண்டுவந்த பைலை விரித்து வைத்திருந்தார். பூசை நாளை பத்து மணி. பெட்டி, பூ, பஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரி போட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் போடவில்லை.

“என்னவாம்?”

“மே மாதமாம், அத்தான்.”

“நான் முதலே சொன்னன். எரிப்பம். இப்ப கோயிலும் ஓமெண்டுதுதானே. நாளைக்கே எல்லாம் முடிஞ்சிடும்.”

“அவர் எரிக்க வேண்டாமெண்டு சொன்னவர்.”

“அவன் ஆயிரம் சொல்லுவான். மூண்டு மாசம் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறது மட்டும் நல்லமோ? பேந்து மேயில திரும்ப எல்லாரையும் கூப்பிட்டு, திரும்ப அழுது... ஆருக்குப் பிள்ளை நேரமிருக்கு?”

“எனக்கிருக்கு.”

“கோபத்தில கதைக்காதை.”

“கோபத்திலதான் கதைக்கிறன். மூண்டு நாளாக் கல்லில நார் உரிச்சுக்கொண்டு நிக்கிறன். அந்த மனிசன் என்னட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டது. காரோ, கப்பலோ? ஒரு பிடி மண். இந்தப் பெரிய நாட்டில ஒரு பிடி மண் இல்லையாம்!”

அருமைநாதன் பேனையை மூடினார், திறந்தார், திரும்பவும் மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயதில் தம்பியைத் தோளில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனவர் அவர். ஜொய்சிக்கு அது தெரியும். தெரிந்தும் அவரிடம் இரக்கம் வரவில்லை. யன்னலுக்கு வெளியே பின்வளவு முழுவதும் மதில் உயரத்துக்குப் பனி. அவள் வியாழக்கிழமை விடியவே றெக்ஸின் பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு அங்கே இறங்கியிருந்தாள். இடுப்பளவு கிண்டி அடியில் போனபோது சவள் ‘டங்’ என்றது. மண்ணா, கல்லா, ஐஸா என்றுகூடத் தெரியவில்லை. கைதான் இரண்டு நாளாக நோகிறது.

“உங்கட தம்பியை நான் எரிக்க விடமாட்டன், அத்தான். பெட்டி கட்டடத்துக்குத்தான் போகும். எழுதுங்கோ.”

அவர் எழுதினார். ஆனால் அவள் வென்றமாதிரி இல்லை. கேட்டதில் பாதிதான் செய்கிறாள். மண்?

அவள் பேஸ்மென்றுக்குத் திரும்பி இறங்கினாள். அல்போன்சம்மா மெத்தைகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, ரோசத்தோடு மேலே போயிருந்தாள். யன்னலைப் பனி முழுதாக மூடியிருந்ததால் அறைக்குள் பால்போல ஒரு வெளிச்சம். மேசைக்கு முன்னால் ஷெரோன் நிலத்தில் குந்தியிருந்து, கத்தரிக்கோலால் ஸ்ரோக்களை ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. மூன்று நாளாக ஆரோடும் கதைக்கவில்லை.

“என்னடி செய்யிறாய்?”

“பப்பா இந்த வருசப் பனியைப் போட்டிட்டார். புகைபோக்கி உயர்த்தேல்ல.” ஒரு ஸ்ரோவின் நுனியை நசுக்கி, பஞ்சுக்குள் மூடுண்டு கிடந்த இன்னொன்றுக்குள் செருகினாள். “உள்ளுக்க இருக்கிறவைக்கு மூச்சு முட்டும்.”

ஜொய்சி பக்கத்தில் குந்தினாள். பதினொரு வருடத்தில் அவள் இந்தக் கண்ணாடித் தகட்டுக்கு முன்னால் ஒருநாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு படைக்கும் பக்கத்தில் றெக்ஸின் கோணல் எழுத்தில் வருடம் ஒட்டியிருந்தது. குண்டூசித் தலையளவு விளக்குகள் எரிந்தன. ஒரு மாடியில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தது. பேக்கரிக்கார இராசாவுக்கு முன்னால் ஒட்டகம் வரிசையில் நின்றது. இன்னொரு வீட்டு வாசலில் ஒரு பெண் பொம்மை இடுப்பில் கைவைத்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்திருந்தது.

“இது ஆர்?”

ஷெரோன் திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்கள்தான்.”

ஜொய்சி கண்ணாடித் தகட்டில் மூக்கு முட்டக் குனிந்து, அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். 

“இஞ்ச ஆரும் செத்தால் என்ன செய்யிறவை?”

“கீழ கொண்டு போவினம்.”

“கீழயோ?”

“மண் கீழதானேம்மா இருக்கு. எல்லா நாளும் எல்லாரும் மேல கிண்டுவினம். ஒராள் செத்தா மட்டும், ஊரே சேந்து கீழ கிண்டும். பப்பாட சட்டம்.” அவள் அடுத்த ஸ்ரோவை எடுத்தாள். “நீங்கள் கத்தினீங்களே, கார்பெற்றில கொட்டினதெண்டு? அந்த மண்தான்.”

ஜொய்சி எழும்பினாள். மேசையின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. அதை இழுத்தாள். கிறீச்சென்றது. மேலிருந்து அல்போன்சம்மா, “என்ன சத்தம் பிள்ளை?” என்றாள்.  ஜொய்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கத்தால் பஞ்சுக்குள் கையை விட்டாள். ஒரு வீடும் சரியக்கூடாது என்று மெதுவாக, படை படையாக. மணிக்கட்டு போனது, முழங்கை போனது. கன்னம் பஞ்சில் முட்டியது. விரலில் காய்ந்த பயற்றங் கொடிகள் நொறுங்கின. ஒரு சின்னச் சுண்ணாம்புப் பாதம் தட்டுப்பட்டது. அதை அசைக்காமல் விலக்கி இன்னும் கீழே போனாள். அங்கே உதிரியாக, காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

“வெறும் யோகட் பேணி ஒண்டு எடு, ஷெரோன்” என்றாள்.

மறுநாள் பூசைக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோர் வாயிலும் புகை. சுவாமியார் செபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைத் தட்டுக்குத் தள்ளுவதற்குக் கையுறையோடு இரண்டு பேர் காத்து நின்றார்கள். அப்போது ஜொய்சி கோட்டுக்குள்ளிருந்து யோகட் பேணியை எடுத்தாள்.

“இந்தப் பனிக்குள்ள எங்கயால மண்?” என்றார் அருமைநாதன்.

“அவர் வச்ச மண்தான்.”

பேணியில் கொஞ்சம்தான் இருந்தது. ஷெரோன் ஒரு கிள்ளுப் போட்டாள். அருமைநாதன் பேணியை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கிள்ளுப் போட்டுவிட்டு, தம்பியின் பெட்டியில் நெற்றியை வைத்தபடி நின்றார். அவரைப் பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. அல்போன்சம்மா போட்டாள். மிச்சமிருந்ததை எல்லாம் ஜொய்சி கையில் கவிழ்த்துக்கொண்டு விரலை விரித்தாள்.

மண் மூடியின்மேல் சத்தமிட்டு விழுந்தது. அதோடு ஒரு துண்டுப் பஞ்சும் வந்து, நடுவில் ஒட்டிக்கொண்டது. துப்புரவு பார்க்கும் அல்போன்சம்மாவின் கை அதைத் தட்டிவிடப் பழக்கத்தில் நீண்டது. பாதியில் நின்று, கோட்டுப் பைக்குள் திரும்பிப் போனது.