கரண்டியைப் பிடுங்கிய ரிப்போர்ட்

எல்லையில் நிற்கும் அய்யனாரின் அரிவாள்மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் நாற்பது பேருக்கு நான்தான் சோறாக்குகிறேன். போன தை மாதம் மருத்துவ முகாம் வந்தது. எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என் கையில் குத்திய முதல் ஊசி வளைந்துபோயிற்று. இரண்டாவதைப் பாவம் பார்த்து நானே உள்ளே விட்டேன்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மேஸ்திரி பிச்சைமுத்து அதை வாங்கி விரலை ஓட்டினான். மேலே ஹெபடைடிஸ் பி என்றிருந்தது. நடுவில் பாசிட்டிவ் என்று ஒரு சொல். அதற்குமேல் அவன் படிக்கவில்லை.

"மாமா, உனுக்கு காமால. கரண்டிய வெச்சிட்டு அந்தாண்ட போய் குந்து."

"கண்ணு மஞ்சளாவா கீது?"

"உள்ளுக்குள்ள கீதாம்."

காமாலை பார்க்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். நாற்பது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். என் பருக்கை போட்டபோது இருந்ததைவிட வெள்ளையாக வந்தது. அப்படியும் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்க வைத்து, எனக்கென்று தனித் தட்டு ஒன்றும் வாங்கி வந்தார்கள்.

நான் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். மூன்று நாள் எழவில்லை. அடுப்பு எரியவில்லை, பசியில் எவனும் வயலில் இறங்கவில்லை. கரும்பு நின்றபடியே சர்க்கரையாகி, எறும்புகள் தூக்கிக்கொண்டு போயின. நாலாம் நாள் பிச்சைமுத்துவையும் இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு லேப்பில் மணிமொழி என்றொரு பெண் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல மூணு வரி இருக்குங்க. மொத வரி, கிருமி ஒடம்புல இருக்கான்னு. நெகட்டிவ். கடைசி வரி, முன்ன எப்பவாச்சும் வந்துட்டுப் போச்சான்னு. அதுவும் நெகட்டிவ். நடு வரி, கிருமிய தடுக்கற சக்தி. அதான் பாசிட்டிவ். தடுப்பூசி போட்டுக்கினீங்களா?"

"ஆஸ்பத்திரி கேண்டீன்ல வேலை செஞ்சப்ப மூணு ஊசி போட்டாங்கம்மா."

"அதாங்க. அந்த சக்தி ஆயிரத்துக்கு மேலன்னு வந்திருக்கு பாருங்க."

மிஷினுக்கு அதற்குமேல் எண்ணத் தெரியவில்லை. என் ரத்தத்தில் அந்தச் சக்தி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான். "மொத வரி பாசிட்டிவா இருந்திருந்தா இன்னா பண்றதும்மா?"

"அப்பவும் சோத்துல, தட்டுல எல்லாம் பரவாதுங்க. ரத்தம் வழியா, ஒடலுறவு வழியா, பிரசவத்துல தாய்கிட்டேந்து கொழந்தைக்கு, அப்படித்தான் வரும். டாக்டர பாத்துக்கினு வழக்கம்போல வேலைய பாக்க வேண்டியதுதான்."

திரும்பியதும் தனித் தட்டை எடுத்து நாய்க்கு வைத்தேன். நாற்பது பேர் முன்னால் சொன்னேன்: "மேஸ்திரி, கேட்டுக்க. நாளைக்கு மொத வரியே பாசிட்டிவா வந்தாலும் இந்தக் கரண்டி என் கையிலதான் இருக்கும். பயந்தா நீ பட்டினியா கெட."

அவன்தான் முதலில் தட்டை நீட்டினான்.

அந்த ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் பெயர் என் மனைவி ராணியம்மாளுடையது. அந்த நாற்பது பேருக்கும் சோறாக்குபவள் அவள்தான்; எனக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது.